விடுபட்ட எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: எண் தொடரைப் பார்த்ததும் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. இதை எப்படிப் போடுவது: 5, 11, 21, 35, ?, 75

பதில்: முதலில் அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தைத் தாளில் எழுதுங்கள். மனக்கணக்கு வேண்டாம். 6, 10, 14 என்று 4, 4 ஆகக் கூடுகிறது. அடுத்த வித்தியாசம் 18, ஆகவே விடை 53. இதோடு நிறுத்திவிடாதீர்கள். 53 உடன் 22 கூட்டினால் 75 வருகிறதா? வருகிறது. இடைவெளி நடுவில் இருப்பது நமக்கு நல்லதுதான். அதற்கு வலப்பக்கம் நிற்கும் எண்ணை வைத்தே விடையைச் சரிபார்த்துவிடலாம்.

கேள்வி: வித்தியாசம் எடுத்தும் பிடிபடவில்லை: 0, 6, 24, 60, ?, 210

பதில்: வித்தியாசம் 6, 18, 36. அதற்கும் வித்தியாசம் எடுங்கள்: 12, 18. இது 6, 6 ஆகக் கூடுவதாக வைத்துக்கொண்டால் அடுத்து 24, 30. அதன்படி முதல் வித்தியாசங்கள் 36 + 24 = 60, 60 + 30 = 90. ஆகவே 60 + 60 = 120, பிறகு 120 + 90 = 210. பொருந்திவிட்டது.

இன்னொரு வழியும் உண்டு. 1−1, 8−2, 27−3, 64−4, 125−5, 216−6 என்று எழுதிப் பாருங்கள். இங்கே 1, 8, 27, 64, 125, 216 ஆகியவை கனங்கள், அதாவது ஓர் எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் வருபவை (2×2×2 = 8). அவை மனப்பாடமாக இருந்தால் 210ஐப் பார்த்ததும் பக்கத்திலிருக்கும் 216 ஞாபகத்துக்கு வரும். சிறிய எண்களில் பல விதிகள் பொருந்திப் போகும் என்பதால், நான் எப்போதும் தொடரின் பெரிய எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: 4, 50, 8, 45, 16, 40, ?, 35. ஏறி ஏறி இறங்குகிறதே?

பதில்: இரண்டு தொடர்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றுவிட்டு ஒன்று படியுங்கள். 4, 8, 16, அப்புறம் 32.

கேள்வி: 1, 2, 4, 8, 16, ? என்பதற்கு நான் 32 என்றேன். நண்பர் 31ம் சரி என்கிறார். எப்படி?

பதில்: நண்பர் சொல்வது உண்மை. வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு ஜோடியையும் நேர்கோட்டால் இணையுங்கள். வட்டம் அதிகபட்சம் எத்தனை துண்டுகளாகும் என்று எண்ணினால், 1 புள்ளிக்கு 1, அப்புறம் 2, 4, 8, 16 என்று போய் 6 புள்ளிக்கு 31தான் வரும். வரைந்தே பாருங்கள், உள்ளே மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். கணிதவியலாளர் நீல் ஸ்லோன் 1964இல் தொகுக்கத் தொடங்கிய எண் தொடர் களஞ்சியத்தில் இப்படித் தொடங்கும் தொடர்கள் பல உண்டு.

கணக்குப்படி பார்த்தால், கடைசி இடத்தில் எந்த எண்ணைப் போட்டாலும் அதற்கு ஒரு சூத்திரம் எழுத முடியும். அதனால் ‘ஒரே சரியான விடை’ என்று இங்கே எதுவும் இல்லை. கொடுத்த எண்கள் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற எளிய விதி எது என்பதுதான் கேள்வி. வேறு குறிப்பு தராதபோது 32ஐயே எழுதுங்கள்.

கேள்வி: 1, 11, 21, 1211, ?, 312211. எந்த விதியும் ஒத்துவரவில்லை.

பதில்: கூட்டல், பெருக்கலை விட்டுவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். 1 என்பதில் ‘ஓர் ஒன்று’, ஆகவே 11. அதில் ‘இரண்டு ஒன்று’, ஆகவே 21. அதில் ‘ஒரு இரண்டு, ஓர் ஒன்று’, ஆகவே 1211. அதைப் படித்தால் 111221, அதுவே விடை. கணிதவியலாளர் ஜான் கான்வே இதை ஆழமாக ஆராய்ந்திருக்கிறார். தொடர் எவ்வளவு நீண்டாலும் அதில் 4 என்ற இலக்கம் வராது. ஏன் என்று நீங்களே யோசித்து எழுதுங்கள், பார்க்கலாம்.