மூன்றாவது மீட்டப்புக்கு நாலு பேர்தான் வந்தார்கள்

கேள்வி: மதுரையில் வீட்டிலிருந்தே ஆண்ட்ராய்டு ஆப் எழுதித் தருகிறேன். என்னைப் போன்றவர்கள் மாதம் ஒருமுறை சந்தித்துப் பேசட்டும் என்று ஒரு மீட்டப் தொடங்கினேன். ஒரு கல்லூரியின் கருத்தரங்கக் கூடத்தில்தான் நடத்துகிறோம். முதல் கூட்டத்துக்கு 35 பேர், அடுத்ததற்கு 14, மூன்றாவதற்கு 4. ஸ்பான்சர் பிடித்துச் சாப்பாடு போட்டால் ஆள் சேருமா? இல்லை, விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். ஸ்பான்சரும் வேண்டாம். அந்த 35 பேரில், துறைத் தலைவர் சொன்னதற்காக வந்து உட்கார்ந்த மாணவர்களைக் கழித்துப் பாருங்கள். உங்களுடையது முதல் நாளிலிருந்தே எட்டுப் பத்துப் பேர் கூட்டமாகத்தான் இருந்திருக்கும். மூன்றாவது தடவையும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்த அந்த நாலு பேர்தான் உங்கள் குழு.

முதலில் அந்தக் கூடத்தை விட்டு வெளியே வாருங்கள். மேடையும் மைக்கும் இருந்தால் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பது என்றாகிவிடும். குத்துவிளக்கு, பொன்னாடை, நன்றியுரை எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆப் எழுதும் கருவியான ஃப்ளட்டரின் அறிமுகத்தை யூடியூபில் படுத்துக்கொண்டே பார்க்கலாம். அதற்காக யார் ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வருவார்கள்?

யூடியூபில் கிடைக்காதது அடுத்தவர் கையிலிருக்கும் போன். எமுலேட்டரில், அதாவது கணினித் திரையில் போனைப் போல நடிக்கும் மென்பொருளில், ஒழுங்காக ஓடும் ஆப், பட்டனை அழுத்தும் நிஜ விரலுக்கு முன்னால் தடுமாறும். சியோமி, விவோ, ஓப்போ போன்களில் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் ஓடும் வேலைகளைப் போனே நிறுத்திவிடுவது உண்டு. உங்கள் கூகுள் பிக்சல் போனில் சரியாக அடித்த மாத்திரை நினைவூட்டல் இன்னொருவர் போனில் அடிக்கவே அடிக்காது. தமிழ் எழுத்து இன்னொரு தலைவலி. ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் அடங்குகிற பட்டனில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று போட்டுவிட்டு, எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் ஒரு பெரியவரின் போனில் திறந்து பாருங்கள். பாதி வார்த்தை வெளியே நிற்கும். எனவே கூட்டத்தின் முதல் முக்கால் மணி நேரம் போன்களை மேசையில் வைத்து மாற்றிக்கொள்வதுதான் வேலை. எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது; ‘அங்கே இல்ல, மேல அழுத்துங்க’ என்று சொல்ல ஆரம்பித்தாலே அந்த ஆப்பில் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

இப்படிக் கூடிச் சோதிக்க இன்னொரு காரணம் பிளே ஸ்டோரின் விதி. 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், ஆப்பைப் பொதுவில் வெளியிடுமுன் மூடிய சோதனை, அதாவது அழைத்தவர்கள் மட்டும் நிறுவிப் பார்க்கும் சோதனை, நடத்த வேண்டும். முதலில் 20 சோதனையாளர்கள் கேட்டார்கள். 2024 டிசம்பரில் அதை 12 ஆக்கினார்கள். அந்த 12 பேரும் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். தனியாக வேலை செய்கிறவர் 12 பேருக்கு எங்கே போவார்? மச்சானையும் சித்தப்பா மகனையும் சேர்த்துவிட்டு, அவர்கள் ஆப்பைத் திறக்கவே இல்லை என்று புலம்புவார். உங்கள் குழுவில் ஒருவர் ஆப்பை மற்றவர்கள் சோதிப்பது நல்ல பண்டமாற்று. ஆனால் பெயருக்கு நிறுவிவிட்டுப் போவதில் பயன் இல்லை. வெளியிட அனுமதி கேட்கும்போது, சோதித்தவர்கள் என்ன சொன்னார்கள், நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று கூகுள் கேட்கும். பதில் கையில் இருக்க வேண்டும்.

மீதி நேரத்துக்கு ஒரே ஒரு சுற்று போதும்: ஒவ்வொருவரும் இப்போது எதில் மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்று இரண்டு நிமிடம் சொல்லட்டும். ஸ்லைடு கூடாது. 2005இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தொடங்கிய, வந்தவர்களே பேசி நடத்தும் பார்கேம்ப் கூட்டங்களிலும் வேடிக்கை பார்க்க மட்டும் யாரும் வரக் கூடாது என்பதே வழக்கம். நாலு பேர் கூட்டத்தில் அதைச் சொல்லவே தேவையில்லை. ஒளிந்துகொள்ள இடம் ஏது! ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: வாடிக்கையாளருக்கு எழுதிய நிரலையும், கடவுச்சொல் மாதிரி ரகசியமான ஏபிஐ கீயையும் திரையில் காட்டக் கூடாது.

தேதியைக் கூட்டத்துக்குக் கூட்டம் மாற்றாதீர்கள். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு இரண்டாவது சனிக்கிழமை, பைத்தான் குழு நான்காவது சனிக்கிழமை என்று ஒரே நாளைப் பிடித்துக்கொண்டன. அப்படி நாள் மனதில் பதிந்துவிட்டால் அழைப்பே வேண்டாம். முகூர்த்தத்துக்காகத் தள்ளிப்போட ஆரம்பித்தால் வைகாசியில் கூட்டமே நடக்காது. சித்திரைத் திருவிழாவுக்கு மட்டும் விட்டுவிடலாம். அழகர் ஆற்றில் இறங்குகிற நேரத்தில் உங்களுக்கே வண்டி ஓட்ட வழி இருக்காது.

இடம் எளிமையாக இருக்கட்டும்: பிளக் பாயின்ட், சுத்தமான கழிப்பறை, பேசினால் கேட்கிற அளவு அமைதி. ஓய்வாக இருக்கும் ஒரு சிறிய அலுவலக அறை போதும். இருட்டுவதற்குள் முடியுங்கள். வாட்ஸப் குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரிந்தால், பெண் டெவலப்பர்களுக்கு இரவில் ‘ஹாய்’ வரும். அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் வர மாட்டார்கள், காரணமும் சொல்ல மாட்டார்கள். அட்மின் மட்டும் எழுதும் வாட்ஸப் கம்யூனிட்டி அறிவிப்புக் குழுவாக வைத்தால் அங்கே எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது.

ஸ்பான்சர் ஏன் வேண்டாம் என்கிறேன்? நான் நடத்திய கூட்டம் ஒன்றுக்கு ஒரு நிறுவனம் பீட்சா வாங்கித் தந்தது. பதிலுக்கு, ஆப்பில் சேர்த்துக்கொள்ளத் தாங்கள் தயாரித்த எஸ்டிகே என்ற மென்பொருள் தொகுப்பைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியது. அப்புறம் வந்தவர்களின் பெயர், எண், சம்பளம் என்று பட்டியல் கேட்டது. கொடுக்கவில்லை, அந்த பீட்சாவும் அதோடு சரி. டீக்கும் வடைக்கும் ஆளுக்குக் கொஞ்சம் யூபிஐயில் போட்டால் ஆகிவிடும்.

அந்த நாலு பேரில் ஒருவரை இப்போதே அட்மின் ஆக்குங்கள். அறைச் சாவி யாரிடம் வாங்குவது, டீ எங்கே சொல்வது என்பதெல்லாம் அவருக்கும் தெரிந்திருக்கட்டும். ஆறாவது கூட்டத்தன்று வேண்டுமென்றே வீட்டில் இருங்கள். மாலையில் போன் செய்து, எத்தனை பேர் வந்தார்கள் என்று அவரிடம் கேளுங்கள்.