மூன்றே சாவி (துளையைத் திறந்து மூடும் நெம்பு) உள்ள பழைய பிரெஞ்சு ஓபோ என்ற சீவாளி ஊதுகருவியில் எல்லாச் சுரங்களும் எப்படி வரும்?

வரும், ஆனால் விரலும் உதடும் கூடுதலாக உழைக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பதினான்காம் லூயியின் அரசவையை ஒட்டி உருவான ஓபோ இது. பெரும்பாலும் பாக்ஸ்வுட் மரம், மூன்று துண்டு. சாவிகள் கீழ் சி சுரத்துக்கும் ஈ-பிளாட்டுக்கும் (ஈ-யைவிட அரைச்சுரம் தாழ்ந்தது) மட்டுமே. ஈ-பிளாட் சாவி இருபுறமும் இருப்பதால் எந்தக் கை கீழே இருந்தாலும் வாசிக்கலாம்.

மற்ற அரைச்சுரங்கள் பெரும்பாலும் குறுக்கு விரலடைப்பில் வரும்: ஒரு துளையைத் திறந்துவிட்டு அதற்குக் கீழுள்ளதை மூடுவது. அப்படி வரும் சுரம் சற்று மங்கலாக ஒலிக்கும். குறை என்பார்கள், எனக்கு அதுதான் அழகு, ஒவ்வொரு ஸ்கேலுக்கும் தனி நிறம் கிடைக்கிறது. ஜி-ஷார்ப்புக்கு (ஜி-யைவிட அரைச்சுரம் உயர்ந்தது) மூன்றாவது துளையை இரட்டையாகப் போட்டிருப்பார்கள். அதில் ஒன்றை மட்டும் மூடினால் போதும்.

மேல் ஸ்தாயிக்குத் தனிச் சாவி கிடையாது, ஊதும் அழுத்தம்தான். சீவாளி இன்றையதைவிட அகலம். சுருதியும் தாழ்வு: சுருதி சேர்க்கும் ஏ சுரம் சுமார் 392 ஹெர்ட்ஸ், இன்றைய 440-ஐவிட ஒரு முழுச்சுரம் கீழே.