விரல் மடங்கவில்லை, வழக்கு யார் மேல்?

கேள்வி: ஈரோடு பக்கம் வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன். போன வருடம் ஆடியில் தேங்காய் உடைக்கும்போது அரிவாள் நழுவி, இடது ஆள்காட்டி விரலில் உள்ளங்கைப் பக்கம் வெட்டுப்பட்டது. பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் தையல் போட்டு அனுப்பினார்கள். விரல் மடங்கவில்லை என்று பத்தாம் நாள் சொன்னேன். "வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும்" என்றார் டாக்டர். ஆறு வாரம் கழித்து கோவையில் கை அறுவை நிபுணரிடம் போனோம். நரம்பு அறுந்து உள்ளே போய்விட்டது என்றார். மூன்று மாத இடைவெளியில் இரண்டு ஆபரேஷன், செலவு 1,80,000 ரூபாய். பொங்கல் ஆர்டருக்காக, இரண்டாவது ஆபரேஷன் முடிந்த நாலாவது வாரமே, விரலுக்குக் காப்பாகக் கட்டிய ஸ்பிளிண்டைக் கழற்றித் தைத்தேன். இன்றுவரை விரல் நுனி மடங்கவில்லை. நியாயம் கேட்கப் போன என் கணவரை முதல் டாக்டர் கேவலமாகப் பேசினார். இரண்டு மருத்துவமனை மேலும் 25 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், மேலே இருப்பது சுருக்கம். அதில் மூன்று பக்கம் டாக்டர் எப்படிப் பேசினார் என்பதுதான். அது உங்களுக்கு வலித்திருக்கும், ஆனால் வழக்குக்கு உதவாது. போலீஸ் யோசனையையும் விட்டுவிடுங்கள். டாக்டர் மேல் குற்ற வழக்கு நிற்க மிக மோசமான அலட்சியம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005லேயே ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொல்லிவிட்டது.

நீங்கள் போக வேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம். அங்கே உங்கள் வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது. தையல் போடுவதற்கு முன் அந்த டாக்டர் விரலை மடக்கச் சொல்லிப் பார்த்தாரா? ஆள்காட்டி விரலை மடக்க இரண்டு தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்கள், நீங்கள் 'நரம்பு' என்று எழுதியது) இருக்கின்றன. ஒன்று நடு எலும்பில் முடிகிறது, மற்றது நுனி எலும்பில். நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொன்னால் அறுந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். அதற்கு ஸ்கேன் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். உள்ளங்கைப் பக்கம் அரிவாள் வெட்டோடு வந்தவருக்கு அதைச் செய்யாமல் தோலை மட்டும் தைத்து அனுப்பியது கவனக்குறைவு என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. அதைவிட நல்ல இடம் பத்தாம் நாள். மடங்கவில்லை என்று நீங்கள் சொன்ன பிறகும் நிபுணரிடம் அனுப்பவில்லை.

நீங்கள் அனுப்பிய ஓபி சீட்டின் படத்தைப் பார்த்தேன். முதல் நாள் காயத்தின் நீளம், தையல், டெட்டனஸ் ஊசி. விரல் அசைவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பத்தாம் நாள், 'வலி, விரல் பயிற்சி' என்று இருக்கிறது. உங்கள் வழக்கே அந்தச் சீட்டுதான். மருத்துவ ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்ற மருத்துவ கவுன்சிலின் 2002 விதி உள்நோயாளிகளுக்கானது. நீங்கள் வெளிநோயாளி. அவர்களிடம் வேறு பதிவு இருக்கும் என்று நம்பாதீர்கள். "டாக்டர் ஒரு தடவை பார்க்கணும்" என்று வாங்கிக்கொண்டு போன அசல் திரும்பி வராத கதைகள் என்னிடம் இரண்டு இருக்கின்றன. கேட்டால் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

அடுத்தது, கோவை நிபுணரை வழக்கில் சேர்க்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் விரல் மடங்காதது அவருடைய தவறுக்கு அத்தாட்சி ஆகாது. நீங்கள் வெட்டுப்பட்ட இடத்தில் இரண்டு தசைநாண்களும் ஒரே குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. அந்தக் காலத்து அறுவை நிபுணர்கள் அதை 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்றே அழைத்தார்கள். அங்கே எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் ஒட்டிக்கொள்ளும், சில சமயம் அறுந்தும் போகும். அது தெரிந்த சிக்கல், அலட்சியம் அல்ல. அதோடு, 'தசைநாண் முனை உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டது, நேரடியாகத் தைக்க முடியவில்லை' என்று அவர் எழுதிய ஆபரேஷன் குறிப்புதான் முதல் மருத்துவமனைக்கு எதிரான உங்கள் சாட்சி. எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் 2010 கிஷன் ராவ் தீர்ப்பு இருக்கிறதுதான். அதை நம்பி, கையில் இருக்கும் டாக்டரை எதிரியாக்கிக்கொள்வது புத்திசாலித்தனம் இல்லை.

இப்போது பொங்கல் ஆர்டர். உங்கள் கடிதத்தில் அதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் தாண்ட மாட்டார். நேரடியாகத் தைக்க முடியாதபோது வேறு இடத்திலிருந்து எடுத்துப் பொருத்தும் ஒட்டுத் தசைநாண் வைத்த பிறகு முதல் ஆறு வாரம் அது பலவீனமாக இருக்கும் காலம். நாலாவது வாரம் ஸ்பிளிண்டைக் கழற்றி மிஷினில் உட்கார்ந்தேன் என்பதை நீங்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்லியிருப்பீர்கள், அவர் எழுதியும் வைத்திருப்பார். அந்தக் கோப்பை வரவழைத்து ஒரே கேள்வி கேட்பார்கள்: "விரல் மடங்காமல் போனது தையல் போட்ட அன்றா, நீங்கள் துணி தைத்த அன்றா?"

இந்த இடத்தில் கவிழ்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரும்புப் பட்டறை வைத்திருந்த ஒருவர், ஸ்பிளிண்டைக் கழற்றவே இல்லை என்று பிரமாணப் பத்திரத்தில் சத்தியம் செய்தார். குறுக்கு விசாரணையில் பிசியோதெரபி சீட்டை நீட்டினார்கள். அதில் நாலு தடவை வரவில்லை என்றும், 'வேலைக்குப் போகிறார்' என்றும் இருந்தது. அவருடைய முதல் டாக்டரின் தவறு அப்படியே கிடந்தது. அதற்கப்புறம் இவர் சொன்ன எதையும் ஆணையம் நம்பவில்லை. ஆகவே மறைக்காதீர்கள். புகாரிலேயே எழுதுங்கள். எழுதிவிட்டு, கேட்பதையும் அதற்கேற்பச் சுருக்குங்கள். உடனே கண்டுபிடித்திருந்தால் ஒரே ஆபரேஷனில் தைத்திருக்கலாம். அந்த வாய்ப்பு போனது, ஆபரேஷன் இரண்டானது, பல மாத வேலை போனது. இதெல்லாம் முதல் மருத்துவமனையின் கணக்கு. இன்று நுனி மடங்காததை முழுதாக அவர்கள் தலையில் கட்ட முடியாது. 25 லட்சம் என்று எழுதினால் இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று: மருத்துவமனைக்கு அனுப்பும் வக்கீல் நோட்டீஸில் 'நரம்பு' என்று எழுதாதீர்கள். நம் பேச்சில் எல்லாமே நரம்புதான். ஆனால் நரம்பு அறுந்தால் உணர்ச்சி போகும், தசைநாண் அறுந்தால் அசைவு போகும். "நரம்புக் காயமே இல்லை" என்று ஒரு சான்றிதழ் வாங்கி வைத்து உங்களைப் பொய்யராக்கிவிடுவார்கள்.

என் யோசனை, சமரசமாகப் போங்கள். மருத்துவச் செலவும் ஓர் ஏழெட்டு மாத வருமானமும் கிடைக்கிற மாதிரி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வெறும் பேச்சில் உட்கார்ந்துவிடாதீர்கள். டாக்டர்கள் எடுக்கும் தொழில்முறைக் காப்பீட்டில், கம்பெனியைக் கேட்காமல் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று நிபந்தனை இருப்பது வழக்கம். அதனால் "கம்பெனியிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்று மாதங்கள் ஓடும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுக்க உங்களுக்கு இரண்டு வருடம். ஆபரேஷன் தேதியிலிருந்து எண்ணலாம் என்று யாராவது சொல்வார்கள். நீங்கள் முதல் தையல் போட்ட நாளிலிருந்தே எண்ணுங்கள். அடுத்த வருட ஆடிக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் பதிவாகியிருக்க வேண்டும். அங்கே பதிவுக் கட்டணம் நீங்கள் கேட்கும் தொகையை வைத்து அல்ல, நீங்கள் கொடுத்த சிகிச்சைக் கட்டணத்தை வைத்துத்தான். அது 5 லட்சம் வரை இருந்தால் பதிவுக் கட்டணம் கிடையாது. பதிவு செய்த பிறகு, இரு தரப்பும் சம்மதித்தால் ஆணையமே சமரசத்துக்கு அனுப்பும். பேரத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.