மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு 864 யூனிட்டா?

கேள்வி: வாடகை வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மூன்று பேர் இருக்கிறோம், ஏசி கிடையாது, கீசர் உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் பில்லில் வழக்கமாக 216 யூனிட்டை ஒட்டித்தான் இருக்கும். இந்த முறை 864 யூனிட் என்று வந்திருக்கிறது. மீட்டர் வேகமாக ஓடுவதாகப் புகார் கொடுக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வீட்டு உரிமையாளரோ, “ஓட்டியது நீங்கள், கட்ட வேண்டியதும் நீங்கள்” என்கிறார். கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி

பதில்: ‘மீட்டர் வேகமாக ஓடுகிறது’ என்று இப்போதைக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அப்படி எழுதினால் மீட்டரை மட்டும்தான் சோதிப்பார்கள். பெரும்பாலும் மீட்டர் சரியாகவே இருக்கும். புகாரை முடித்துவிடுவார்கள், 864 யூனிட் உங்கள் தலையிலேயே நிற்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் போதும்.

ஒரு கணக்குப் போடுவோம். 216-ஐ 60 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 3.6 யூனிட். 864 என்றால் 14.4. ஆக, நாளொன்றுக்கு 10.8 யூனிட் கூடுதலாகப் போயிருக்கிறது, அல்லது போனதாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவது. 10.8 யூனிட் ஆக வேண்டுமானால் 2000 வாட் கீசர் தினமும் சுமார் ஐந்தரை மணி நேரம் சூடேற வேண்டும். அல்லது 450 வாட் எடுக்கும் ஏதோ ஒன்று இரவும் பகலும் நிற்காமல் ஓட வேண்டும். டிவியை அணைக்க மறந்தது, சார்ஜரைச் செருகியே வைத்தது எல்லாம் இதற்குக் காணாது. பெரிதாக ஏதோ ஒன்று இருக்கிறது. பெரியது என்பதாலேயே அது சீக்கிரம் பிடிபடும்.

பில்லையும் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு மீட்டர் பெட்டிக்குப் போங்கள். மீட்டரின் உடலில் அச்சிட்டிருக்கும் எண்ணும் பில்லில் உள்ள மீட்டர் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பல வீடுகளின் மீட்டர்கள் வரிசையாக இருக்கும் இடத்தில் ஒருவர் பில் இன்னொருவருக்கு மாறிப்போவது உண்டு. அடுத்து ரீடிங். டிஜிட்டல் மீட்டர் சில விநாடிக்கு ஒருமுறை திரையை மாற்றிக்கொண்டே இருக்கும்: தேதி, வோல்டேஜ், உச்ச லோடு, மொத்த யூனிட் என்று. ‘கே.டபிள்யூ.எச்’ (kWh) என்று காட்டும் மொத்த எண்தான் உங்களுக்கு வேண்டியது. மீட்டர் எண்ணும் தெரியும்படி அதைப் படம் பிடியுங்கள். பில்லில் இப்போதைய ரீடிங் 7,276 என்று இருந்து, மீட்டர் இன்றைக்கு 6,690-தான் காட்டுகிறது என்றால், எழுதியவர் தவறாக எழுதியிருக்கிறார். 3-ஐ 8 என்று வாசிப்பது, புள்ளியை விட்டுவிட்டு 721.6-ஐ 7216 என்று எழுதுவது எல்லாம் நடக்கிறவைதான். அந்த ஒரு படமே உங்களுக்குச் சாட்சி.

பில்லில் ரீடிங் எடுத்த தேதிகளையும் பாருங்கள். 60 நாளுக்குப் பதில் 80 நாள் கழித்து எடுத்திருந்தால் யூனிட் கூடும். யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் கட்டண முறையாக இருந்தால் தொகை இன்னும் எகிறும். முந்தைய பில்களில் ‘சராசரி’ அல்லது ‘கதவு பூட்டு’ என்று குறித்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அப்போதெல்லாம் உத்தேசமாகப் போட்டுவிட்டு, இப்போது உண்மையான ரீடிங் எடுத்ததும் பாக்கி யூனிட் அத்தனையும் ஒரே பில்லில் வந்து விழுந்திருக்கும். யூனிட் உண்மைதான், ஆனால் அதை ஓடிய மாதங்களுக்குப் பிரித்துப் போட்டுக் கட்டணத்தைத் திருத்தும்படி கேளுங்கள். அந்தக் காலம் நீங்கள் குடிவந்த நாளுக்கு முன்னால் போகிறது என்றால், அந்தப் பகுதி பழைய குடித்தனக்காரருடையது. குடிவந்த அன்று எடுத்த ரீடிங் இருந்தால் இங்கே பேச்சே இல்லை. நடுவில் மீட்டர் மாற்றியிருந்தால், பழைய மீட்டரின் கடைசி எண்ணும் புதியதன் தொடக்க எண்ணும் சரியாக ஏறியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ரீடிங் எல்லாம் சரி என்று தெரிந்தால் வீட்டுக்குள் வாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மீட்டரில் சிமிட்டும் சின்னச் சிவப்பு விளக்கைப் பத்து நிமிடம் கவனியுங்கள். சிமிட்டல் நின்றுவிட வேண்டும். நிற்காமல் சிமிட்டினால் மூன்றில் ஒன்று: மீட்டருக்கும் உங்கள் மெயினுக்கும் நடுவில் வேறு யாரோ லைன் எடுத்திருக்கிறார்கள், பக்கத்துப் போர்ஷனின் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) உங்கள் நியூட்ரலோடு சேர்ந்திருக்கிறது, அல்லது மீட்டரிலேயே கோளாறு. வாடகைக்கு விடும் கட்டடங்களில் முதல் இரண்டும் சகஜம். மாடிப்படி விளக்கு, பொதுத் தண்ணீர் மோட்டார், மேல் போர்ஷனின் ஒரு அறை என்று எதுவும் உங்கள் மீட்டரில் ஏறியிருக்கலாம். யாராவது மோட்டார் போடும் நேரத்தில் மீட்டர் அருகே நின்று பாருங்கள். சிமிட்டல் திடீரென்று வேகமெடுத்தால் விஷயம் தெரிந்துவிடும். கைப்பேசியில் வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டு உரிமையாளரிடம் பேசும்போது உதவும்.

மெயினை அணைத்ததும் சிமிட்டல் நின்றால், கோளாறு உங்கள் மெயினுக்குப் பிறகு உள்ள வயரிங்கிலோ சாதனத்திலோ இருக்கிறது. இரவில் மெயினைப் போட்டுவிட்டு, ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணையுங்கள். கீசர் சுவிட்சை மட்டும் வழக்கம்போல் விடுங்கள். மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு, அதாவது இத்தனை சிமிட்டல், என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், இரண்டரை விநாடிக்கு ஒரு சிமிட்டல் என்பது 450 வாட். கீசர் விட்டு விட்டுச் சூடேறுவதால் ஐந்து நிமிடம் பார்த்தால் போதாது, இரவு ஒரு ரீடிங், காலையில் ஒரு ரீடிங் எடுங்கள். கீசரை வெறுமனே போட்டு வைத்திருந்தால்கூட 10.8 யூனிட் ஆகாது. ஆனால் அதிலிருந்து போகும் சுடுநீர்க் குழாய் எங்காவது கசிந்தால் ஆகும். தண்ணீரை 35 டிகிரி சூடேற்ற வேண்டும் என்று வைத்தால், நிமிடத்துக்கு ஒரு டம்ளர் ஒழுகினாலே அவ்வளவும் போய்விடும். கீசரை அணைத்து அடுத்த இரவும் இதேபோல் பாருங்கள். அப்போதும் ரீடிங் ஏறினால் எம்.சி.பி-களை (ஒவ்வொரு லைனுக்கும் தனியாக இருக்கும் சின்ன சுவிட்சுகள்) ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் சிமிட்டல் நிற்கிறதோ, அந்த லைனில்தான் கசிவு. சில மீட்டர்களில் ‘எர்த்’ என்று தனி விளக்கு எரியும். அது எரிந்தால் பில்லை விட உயிர் பெரிது. குளியலறையின் ஈரச் சுவர் வழியாக மின்சாரம் கசிந்துகொண்டிருக்கலாம். அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மின்சாரம் கசிந்தால் தானாகவே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடானால், அதைப் போடச் சொல்லுங்கள்.

இதிலும் ஒன்றும் சிக்கவில்லை என்றால்தான் மீட்டர் சோதனை. வாட் தெரிந்த ஹீட்டரை ஒரு மணி நேரம் ஓட்டி நீங்களே கணக்குப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். 230 வோல்ட் ஹீட்டர் 250 வோல்ட்டில் 18 சதவீதம் கூடுதலாக இழுக்கும், நல்ல மீட்டரும் வேகமாக ஓடுவதாகத் தோன்றும். மீட்டரின் முகப்பில் ‘கிளாஸ் 1’ என்று இருந்தால், அது சுமார் 1 சதவீத வித்தியாசத்துக்குள் ஓட வேண்டிய மீட்டர் என்று பொருள். உங்கள் மீட்டரோடு சோதனை மீட்டர் ஒன்றைச் சேர்த்து ஓட்டிப் பார்க்கும்படி கேளுங்கள், அப்போது நீங்களும் கூட இருங்கள். மீட்டரின் சீலை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். சீல் உடைந்திருந்தால் திருட்டுக் குற்றச்சாட்டு உங்கள் மேல் திரும்பும்.

பத்து நாள் என்றீர்கள். அதற்குள் எழுத்து மூலம் புகார் கொடுத்து எண் வாங்கிவிடுங்கள். இணைப்பு எண், மீட்டர் எண், பில்லில் உள்ள ரீடிங், இன்றைய ரீடிங், கடந்த மூன்று பில்லின் யூனிட், நீங்கள் கண்டது என்ன, கேட்பது என்ன – இவ்வளவு போதும், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். புகார் கொடுத்துவிட்டோமே என்று கட்டாமல் இருந்தால் இணைப்பைத் துண்டிக்க இடம் கொடுத்ததாகிவிடும். முடிவு வரும்வரை வழக்கமான 216 யூனிட்டுக்கான தொகையை ஏற்பார்களா என்று அதே கடிதத்தில் கேளுங்கள். ஏற்காவிட்டால் ‘ஆட்சேபனையுடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துக் கட்டுங்கள். இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருந்தால் கடிதம் அவர் கையெழுத்தோடு போவதே நல்லது. முடியாவிட்டால் உங்களுக்கு அதிகாரம் கொடுத்து ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

உரிமையாளரிடம் “பில் அதிகம்” என்று போகாதீர்கள், “மெயினை அணைத்தும் மீட்டர் ஓடுகிறது, வந்து பாருங்கள்” என்று கூப்பிடுங்கள். பொது மோட்டாரோ அடுத்த போர்ஷனோ உங்கள் மீட்டரில் இருந்தால், பிரித்துக் கொடுப்பதும் அதுவரை ஓடிய யூனிட்டைக் கழிப்பதும் அவர் பொறுப்பு. சுவருக்குள் வயரிங் கசிவும் அப்படித்தான் என்பது என் கருத்து. உங்கள் சொந்தச் சாதனத்தில் கோளாறு என்றால் செலவு உங்களுடையது. கீசர் வீட்டோடு வந்ததா, நீங்கள் வாங்கியதா என்று எழுதவில்லை. வீட்டோடு வந்தது என்றால், பழுது யார் பார்ப்பது என்று வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். தகராறு தீரும்வரை வாடகையைப் பிடித்து வைக்க வேண்டாம். அது மின் பில் பிரச்சினையை வீடு காலி செய்யும் பிரச்சினையாக்கிவிடும்.