கடலோர நடை, ஆற்றங்கரை நடை: கேளுங்கள், சொல்கிறேன்

கடலோர ஊர்களைச் சுற்றி நடப்பதும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவதும் எனக்குப் பழகிய வேலை. வந்த கேள்விகளில் பொதுவானவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பாதிப்பேர் ஷூ பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், நேரம் பற்றிக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. நான் திட்டம் போடும்போது கிலோமீட்டரைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

அண்ணா, தினமும் தார்ச்சாலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். கடற்கரையில் 15 கிலோமீட்டர் நடக்க முடியுமா?

முடியும், ஆனால் மூன்று மணி நேரத்தில் முடியாது. 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு ஒன்று இன்றும் ஓடுகிறது: மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர், அதன்மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அது நல்ல பாதைக்கான கணக்கு. உலர்ந்த பொலபொல மணலில் அதே வேகத்தில் நடக்க கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும், கால் புதையும்போது நாம் மணலைத் தள்ளுவதற்கும் சேர்த்து உழைக்கிறோம். அதனால் அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலில் நடங்கள். அந்தப் பட்டை எப்போது அகலமாக இருக்கும் என்பதைக் கடல்தான் முடிவு செய்யும்.

ஓத அட்டவணையை எப்படிப் பார்ப்பது? எண்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

ஓதம் என்றால் கடல் ஏறுவதும் வற்றுவதும். அட்டவணையில் இருப்பது இரண்டே விஷயம், நேரமும் உயரமும். பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது நேற்று பார்த்த நேரத்தோடு 50 நிமிடம் கூட்டிக்கொண்டால் இன்றைய நேரம் கிட்டத்தட்ட வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் அதற்கு ஓரிரு நாள் பின்னும் ஏற்றமும் அதிகம், வற்றுவதும் அதிகம். அரை நிலா நாட்களில் இரண்டும் குறைவு.

பலரும் கோட்டைவிடுவது வேகத்தில். கடல் ஒரே சீராக ஏறாது. ஏறுகிற ஆறு மணி நேரத்தை ஆறாகப் பிரித்தால், மொத்த உயர்வில் பன்னிரண்டில் 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்று ஏறும். நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதி ஏறிவிடுகிறது. முதல் மணி நேரத்தில் ‘ஒன்றும் ஏறலையே’ என்று பாறைமேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருப்பவர்கள்தான் மாட்டுகிறார்கள், ஏனென்றால் தட்டையான கரையில் தண்ணீர் முன்னால் வருவதைவிட நமக்குப் பின்னால் இருக்கும் பள்ளங்களை முதலில் நிரப்பித் திரும்பும் வழியை அடைத்துவிடும்.

நான் வைத்திருக்கும் வழக்கம் இதுதான். போகிற வழியில் எந்தப் பாறை முனை மிகவும் குறுகலோ, அதைக் கடல் இன்னும் வற்றிக்கொண்டிருக்கும்போதே தாண்டிவிட வேண்டும். அப்போது கொஞ்சம் தாமதமானாலும் வழி திறந்துகொண்டே இருக்கும். வற்றி முடிந்த பிறகு அங்கே போய்ச் சேர்ந்தால் ஒவ்வொரு நிமிடமும் நமக்கு எதிராகத்தான் போகும்.

எங்கள் பக்கம் கடல் ஏறுவதும் தெரியாது, வற்றுவதும் தெரியாது. நானும் இதெல்லாம் பார்க்கணுமா?

இடத்துக்கு இடம் வித்தியாசம் பெரிதுதான். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை ஏறி இறங்கும், மத்தியதரைக் கடலின் பெரும்பாலான கரைகளில் அரை மீட்டர்கூடத் தேறாது. ஓதம் சின்னதாக இருக்கும் இடத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது அலையும் காற்றழுத்தமும். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும், வலுவான புயலின்போது இது மட்டுமே முப்பது நாற்பது சென்டிமீட்டர் ஆகிவிடும். அப்புறம், வானிலை அறிக்கையில் அலை உயரம் 2 மீட்டர் என்றால் எல்லா அலையும் 2 மீட்டர் என்று அர்த்தமில்லை. எல்லா அலைகளிலும் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அதன் சராசரியைத்தான் சொல்கிறார்கள், சில மணி நேரத்தில் அதைப்போல இரண்டு மடங்கு உயரமான அலை ஒன்று வருவது சாதாரணம். காற்றே இல்லாத நாளில் எங்கோ தூரத்துப் புயலின் அலைகள் வந்து கரையேறும் கள்ளக்கடல் வேறு இருக்கிறது. ஈரமாக இருக்கும் பாறையில் உட்காராதீர்கள். அது தானாக ஈரமாகவில்லை.

எந்த ஷூ வாங்கலாம்?

பழகிய ஷூ. புதிது வாங்கி அன்றே போட்டுக்கொண்டு வராதீர்கள். உள்ளே மணல் புகுந்தது தெரிந்த உடனே நின்று உதறுங்கள், அடுத்த நிறுத்தம்வரை பொறுத்தால் கொப்புளம் நிச்சயம். ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலாக வையுங்கள்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது, நடந்தே கடந்தோம். போன வாரம் போனால் ஆழமாக ஓடுகிறது. எப்படி?

முகத்துவாரம் ஒரு மாதம் இருந்தபடி அடுத்த மாதம் இருக்காது. ஆற்றில் நீர் குறையும் காலத்தில் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டி வாயை அடைக்கும். மழை வந்து ஆறு பெருகினால் அந்தத் திட்டு உடையும், சில மணி நேரத்திலேயே ஆள் நிற்க முடியாத வாய்க்கால் ஆகிவிடும். அதனால் பழைய வரைபடத்தையோ, ‘போன தடவை கடந்தோமே’ என்பதையோ நம்பாதீர்கள்.

கடல் வற்றும் நேரத்தில் முகத்துவாரத்தில் இறங்கவே கூடாது. ஆற்றின் ஓட்டமும் வற்றும் கடலின் இழுப்பும் ஒரே திசையில் சேரும், கால் வழுக்கினால் போய்ச்சேருவது கடலுக்குள். இன்னொன்றும் உண்டு: அட்டவணையில் தாழ் ஓதம் என்று போட்ட நேரம் கடலுக்கானது, ஆற்றுக்குள் தண்ணீர் அதன் பிறகும் சிறிது நேரம் வெளியே ஓடிக்கொண்டிருக்கும்.

மேலே போய்ப் பாலத்தில் கடப்பதுதான் என் பதில், அது இரண்டு கிலோமீட்டர் சுற்று என்றாலும். உள்பக்கம் சின்ன ஓடையைக் கடக்கத்தான் வேண்டும் என்றால், ஆறு அகலமாகப் பரந்து ஓடும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், குறுகிய இடம் ஆசை காட்டும், ஆனால் அங்கேதான் ஆழமும் வேகமும். முழங்காலுக்கு மேல் ஓடும் நீர் என்றால் திரும்பிவிடுங்கள். நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஷூவைக் கழற்றாதீர்கள், பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், ஒரு கோலை ஊன்றி நீர் வரும் திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகருங்கள்.

சார், ஆற்றங்கரைப் பாதையில் மட்டும் போனால் பயமில்லைதானே?

கடலைவிட அமைதியாகத் தெரியும், அவ்வளவுதான். ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரையைத் தண்ணீர் அடியில் அரித்துக்கொண்டே இருக்கும், மேலே புல் பச்சையாக இருக்கும், கீழே மண் இருக்காது. விளிம்பிலிருந்து தள்ளி நடங்கள், உட்காருவதென்றால் வளைவின் உள்பக்க மணலில். உங்கள் தலைக்குமேல் வானம் தெளிவாக இருந்தாலும் மேலே எங்கோ மழை பெய்திருக்கலாம், அணை திறந்திருக்கலாம். தெளிந்த நீர் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, சத்தம் மாறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். பையை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

கழிமுகச் சேற்றில் கால் புதைந்தால்?

சினிமாவில் காட்டுவதுபோல தலைவரை மூழ்கமாட்டீர்கள். புதைமணல் மனித உடலைவிட அடர்த்தி அதிகம், இடுப்பளவில் நின்றுவிடும். ஆபத்து சேறு இல்லை, மாட்டிக்கொண்டிருக்கும்போது ஏறிவரும் கடல். பின்பக்கமாகச் சாய்ந்து எடையைப் பரப்புங்கள், காலைச் சின்னச் சின்னதாக ஆட்டினால் இடுக்கில் தண்ணீர் இறங்கி மணல் தளரும், மெதுவாக ஒவ்வொரு காலாக எடுக்கலாம். கூட இருப்பவர்கள் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் காயம்தான் மிச்சம்.

தம்பி, எனக்கு அறுபத்திரண்டு வயசு. கடற்கரையில் நடந்தால் ஒரு பக்க இடுப்பு மட்டும் வலிக்கிறது.

ஐயா, கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் படுகிறது. ஒரே திசையில் நீளமாகப் போகாமல் போன வழியே திரும்பி வாருங்கள், சரிவு மறுகாலுக்கு மாறிவிடும். கடல் வற்றியிருக்கும்போது கீழே தட்டையான இடம் அதிகம் கிடைக்கும். அதன் பிறகும் வலி இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஜெல்லி மீன் பட்டுவிட்டால் என்ன செய்வது?

கரையில் செத்துக் கிடப்பதும் கொட்டும், தொடாதீர்கள். பட்டுவிட்டால் மணலால் தேய்க்க வேண்டாம், நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டாம், சிறுநீர் வைத்தியம் வேண்டவே வேண்டாம். கடல்நீரில் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடமாவது வைத்தால் பெரும்பாலான வகைகளுக்கு வலி குறையும். வினிகர் சில வகைக்கு நல்லது, சில வகைக்குக் கெடுதல், அந்தக் கரையில் இருக்கும் உயிர்காப்பாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி.

மேகமூட்டமாக இருந்தும் முகம் கருகிவிட்டது.

மேகம் புற ஊதாக் கதிரை முழுதாகத் தடுக்காது. போதாததற்கு உலர்ந்த மணல் அதில் சுமார் 15 சதவீதத்தையும் கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும், தொப்பியின் கீழிருந்தும் வெயில் வரும். காற்று வியர்வையைக் காய வைத்துவிடுவதால் தாகமும் தெரியாது. மணிக்கு அரை லிட்டர் தண்ணீர், கடும் வெயிலில் அதைவிட அதிகம்.

மின்னல்?

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்குள் என்றால் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வெட்டவெளிக் கரையில் நீங்கள்தான் உயரம். கட்டடத்துக்கோ மூடிய காருக்கோ போங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள். தனிமரம் வேண்டாம்.

நாயைக் கூட்டி வரலாமா?

பறவைகள் முட்டையிடும் காலத்தில் வேண்டாம். உப்புக்கொத்திகள் மணலில் சின்னக் குழி பறித்து முட்டையிடும், மணல் நிறத்திலேயே இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். மற்ற காலத்தில் கயிற்றோடு, ஈர மணலில். மணல்மேட்டின் அடப்பங்கொடிமேல் நாயும் நாமும் ஏற வேண்டாம், மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அதன் வேர்தான்.

அக்காவும் நானும் ஒரே நாளில் ஆற்றங்கரையில் போய்க் கடலோரமாகத் திரும்பலாம் என்று இருக்கிறோம். எது முதலில்?

தாழ் ஓத நேரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்கு என்றால் கடலோரம் முதலில், மாலை நான்குக்கு என்றால் ஆறு முதலில். கடலோரப் பகுதியை அந்த நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் தொடங்குவதுபோல வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஆற்றங்கரையில் நிரப்புங்கள். பாதி வழியில் எத்தனை மணிக்கு எங்கே இருந்தால் திரும்பிவிடுவது என்று கிளம்பும் முன்பே இருவரும் பேசிக்கொள்ளுங்கள், அங்கே போய்ப் பேசினால் ஆசைதான் ஜெயிக்கும்.

தனியாகப் போகலாமா?

போகலாம். எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன், அதற்குமேல் எவ்வளவு நேரம் பார்த்துவிட்டு ஆள் அனுப்ப வேண்டும், இந்த மூன்றையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். முனைகளுக்கு அடியில் போன் சிக்னல் அடிக்கடி போகும். அப்புறம், திரும்பி வந்ததும் மறக்காமல் அவருக்குச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் குளித்துவிட்டுத் தூங்கும்போது உங்களைத் தேடிப் படகு போயிருக்கும்.