சாப்பிட்டுவிட்டு காபி, அப்புறம் பயிற்சி: கொழுப்பு எரியுமா?

கேள்வி: அண்ணா, நாலு இட்லி சாப்பிட்டு, அரை மணி கழித்துக் காபி குடித்துவிட்டு ஜிம்முக்குப் போகிறேன். காபியால் கொழுப்பு கூடுதலாக எரியுமா?

பதில்: கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன் தம்பி. உடம்பில் அடினோசின் என்ற பொருள் போய் ஒட்டும் இடத்தைக் காஃபீன் பிடித்துக்கொள்கிறது. அட்ரினலின் கூடுகிறது, சேர்த்துவைத்த கொழுப்பு பிரிந்து ரத்தத்துக்கு வருகிறது. வெறும் வயிற்றில் இது ஓரளவு நன்றாகவே நடக்கும். ஆனால் இட்லி உள்ளே போனதும் இன்சுலின் ஏறிவிடும், கொழுப்பை வெளியே விடாமல் பிடித்துவைப்பது அதன் வேலைகளில் ஒன்று, அதனால் காஃபீன் எவ்வளவு தள்ளினாலும் அந்தப் பிடி லேசில் தளராது. 1987-இல் வந்த ஓர் ஆய்வில், மாவுச்சத்தை நிறைய ஏற்றி, பயிற்சிக்கு முன்பும் அதையே சாப்பிட்டவர்களிடம் கொழுப்பு விஷயத்தில் காஃபீனின் விளைவு காணாமலே போனது. ஆனால் காபி வீண் இல்லை. களைப்பு குறைவாகத் தெரியும், இன்னும் நாலு சுற்று ஓடலாம், அந்தப் பலன் சாப்பிட்ட பிறகும் உண்டு.

கேள்வி: பால் காபியா, கருப்புக் காபியா?

பதில்: காஃபீன் இரண்டிலும் உண்டு. சர்க்கரையைக் குறையுங்கள்.

கேள்வி: அப்படியானால் வெறும் வயிற்றில் குடித்துவிட்டு நடக்கச் சொல்ல வேண்டியதுதானே? அதை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். நிதானமான நடையில் நிமிடத்துக்கு அரை கிராம் கொழுப்பு எரிகிறது என்று வையுங்கள். 40 நிமிடத்தில் 20 கிராம். காஃபீன் அதை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினாலும் கூடுதலாக 4 கிராம், அதாவது 36 கலோரி. காபியில் போடும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையே 40 கலோரி!

கேள்வி: (அதே நண்பர்) நான் வெறும் வயிற்றில் நடந்தே 6 கிலோ குறைத்தேன். உங்கள் கணக்கு புத்தகத்துக்குத்தான் சரி.

பதில்: உங்கள் 6 கிலோவை நான் மறுக்கவில்லை, உழைத்திருக்கிறீர்கள். குறைந்ததற்குக் காரணம் வெறும் வயிறுதானா என்பதுதான் கேள்வி. 2014-இல் 20 இளம்பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவைச் சாப்பிடாமலும் இன்னொன்றைச் சாப்பிட்ட பிறகும், வாரம் மூன்று நாள் ஒரு மணி நேரம் என்று 4 வாரம் பயிற்சி செய்ய வைத்தார்கள். இரண்டு குழுவுக்கும் அளவாகத்தான் சாப்பாடு. எடை குறைந்ததில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. பயிற்சி நேரத்தில் கொழுப்பைக் குறைவாக எரித்த உடம்பு மீதி நாளில் அதை ஈடுகட்டிவிடும். நடக்கும்போதே காலை டிபனையும் குறைத்தீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: எவ்வளவு குடிக்க வேண்டும்?

பதில்: ஆய்வுகளில் பெரும்பாலும் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் காஃபீன் கொடுக்கிறார்கள். 3 என்று வைத்தால் 70 கிலோ ஆளுக்கு 210. திக்கான முதல் டிகாக்‌ஷனில் காஃபீன் நிறைய இறங்கும், ஆனால் உங்கள் பொடியில் சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், சிக்கரியில் காஃபீன் துளியும் கிடையாது. ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். காஃபீன் பொடி வாங்கவே வாங்காதீர்கள். ஒரு டீஸ்பூன் சுத்தமான பொடி 28 கப் காபிக்குச் சமமாகலாம், உயிருக்கே ஆபத்து.

கேள்வி: தோசை சாப்பிட்டால்? பொங்கல் சாப்பிட்டால்?

பதில்: இட்லிக்குச் சொன்னதுதான். மேலே படியுங்கள்.

கேள்வி: கொழுப்பு கரைக்கும் மாத்திரை?

பதில்: வேண்டாம். பொடிக்குச் சொன்ன அதே எச்சரிக்கை.

கேள்வி: கர்ப்பமாக இருக்கிறேன், நடைக்கு முன் காபி குடிக்கலாமா?

பதில்: ஒரு நாளைக்குக் காஃபீன் மொத்தமே 200 மில்லிகிராமுக்குள், டீயையும் சேர்த்து. உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு குடியுங்கள் அம்மா.

கேள்வி: ராத்திரி எட்டு மணிக்குத்தான் ஜிம். அதற்கு முன் காபி?

பதில்: கூடாது. குடித்ததில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நள்ளிரவு தாண்டியும் மீதிப் பாதி உடம்பில் இருக்கும், தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும். ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.