ஃப்ளை பரிமாற்றம்: முள்ளில் நூல் சுற்றும் முன் முடிவு செய்ய வேண்டியவை

கேள்வி: கனடாவில் கால்கரியில் வசிக்கிறேன். போ (Bow) ஆற்றில் டிரௌட் மீன் பிடிப்பேன். குளிர்காலத்தில் உட்கார்ந்து ஃப்ளை கட்டுவேன், அதாவது தூண்டில் முள்ளில் இறகையும் முடியையும் நூலால் சுற்றிச் செய்யும் செயற்கை இரை. பன்னிரண்டு பேர் சேர்ந்து ஆளுக்கொரு வகை கட்டிப் பரிமாறிக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம். கனடாவில் என்னோடு நான்கு பேர், அமெரிக்காவில் நான்கு, ஸ்காட்லாந்தில் மூன்று, குன்னூரில் ஒருவர். ஏற்பாடு என் பொறுப்பு. போன வருடம் அமெரிக்க நண்பருக்கு அனுப்பிய சின்னப் பொதியே சுங்கத்தில் நின்று திரும்பி வந்துவிட்டது. இந்த முறை எப்படிச் செய்வது?

பதில்: உள்ளூர்ப் பரிமாற்றம் சுலபமானது. எல்லோரும் ஏற்பாட்டாளருக்கு அனுப்புவார்கள், அவர் பிரித்து, ஆளுக்கு வகைக்கு ஒன்று வைத்துத் திருப்பி அனுப்புவார். எல்லை தாண்டும்போது மட்டும், யார் என்ன கட்டுவது என்பதைவிட எதைக் கொண்டு கட்டுவது என்பதை முதலில் பேசி முடிக்க வேண்டும். எடையில் ஒரு கிராம்கூட இல்லாத அந்த ஃப்ளையில் நான்கைந்து உயிரினங்களின் இறகும் முடியும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாட்டிலும் ஒரு சட்டம் உண்டு.

உங்கள் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏரி மீன்பிடிப்புக்குக் கட்டும் ஃப்ளைகளில் சீல் (கடல்நாய்) முடியை உடலாகச் சுற்றுவது பழைய வழக்கம். கனடாவின் மேற்குக் கரையில் ஸ்டீல்ஹெட் மீனுக்கான பழைய வகைகளில் துருவக்கரடி முடி வரும். இரண்டையும் அமெரிக்காவுக்குள் அனுப்பக் கூடாது. 1972இல் வந்த கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அமெரிக்கர்களுக்கோ 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டம் இருக்கிறது. தோட்டத்தில் தானாக உதிர்ந்து கிடக்கும் ராபின் இறகைக்கூட அங்கே எடுத்து வைத்துக்கொள்ள அனுமதி இல்லை.

குன்னூர் நண்பர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. நீலகிரிக்கு டிரௌட் புதிதல்ல, அவலாஞ்சியில் 1907இலேயே குஞ்சு பொரிப்பகம் வந்துவிட்டது. ஆனால் ஃப்ளை கட்டுபவர்கள் உலகெங்கும் ஆசைப்படும் இரண்டு இறகுகள் அவர் ஊர்ப் பக்கமே இருக்கின்றன. ஒன்று மயில் இறகின் மெல்லிய இழை. உதிர்ந்த மயிலிறகை இந்தியாவுக்குள் வைத்துக்கொள்ளலாம், வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. இன்னொன்று சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு. மெழுகுத் துளி விழுந்தது போல் பளபளக்கும் அந்தப் புள்ளிக்காகவே சால்மன் மீனுக்கான ஃப்ளைகளில் அதைக் கன்னம் போல் தலையின் இருபுறமும் வைத்துக் கட்டுவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் அந்தப் பறவைக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் இருக்கிறது. பிரிட்டனில் பண்ணையில் வளர்த்த காட்டுக்கோழி இறகு கடையில் கிடைக்கிறது என்பது சரிதான். ஆனாலும் இந்தப் பரிமாற்றத்தில் வேண்டாம். பண்ணை இறகா, காட்டு இறகா என்று சுங்க அதிகாரி பார்த்துச் சொல்ல முடியாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2009இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடு போயின. ஆராய்ச்சிக்காகப் பல தலைமுறைகளாகப் பாதுகாத்து வந்தவை அவை. சால்மன் ஃப்ளை கட்டும் ஆசைதான் திருட்டுக்குப் பின்னால் இருந்தது. அந்தக் காயம் நம் கைத்தொழிலுக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே நான்கு நாட்டுச் சட்டங்களிலும் எது கடுமையானதோ அதையே பன்னிரண்டு பேருக்கும் விதியாக வையுங்கள். பண்ணைச் சேவல் இறகு, மாரபூ எனப்படும் வான்கோழியின் மென்மையான இறகு, சாயமிட்ட முயல் முடி, செயற்கை இழை, ஜிகினா என்று அனுமதிக்கும் பொருட்களைப் பட்டியலிட்டு அனுப்புங்கள். இவற்றைக் கொண்டு ஊலி பகர் என்ற ஃப்ளை கட்டலாம், இன்னும் எத்தனையோ கட்டலாம். எல்லாம் கடையில் வாங்கி, சுத்தம் செய்து சாயமேற்றிய பொருளாக இருக்கட்டும்.

அப்புறம், ஒருமுறை நனைந்த ஃப்ளைகூட உள்ளே வரக் கூடாது. 2016இல் ஆல்பெர்ட்டாவில் டிரௌட் மீன்களைத் தாக்கும் சுழல் நோய் கண்டுபிடிக்கப்பட்டதும், உங்கள் போ ஆறும் அதில் மாட்டியதும் உங்களுக்கே தெரியும். ஆற்றில் பட்ட பொருளை இன்னோர் ஆற்றுக்கு அனுப்பவே கூடாது.

எண்ணிக்கை ஆளுக்குப் பதின்மூன்று. பன்னிரண்டு பங்குக்கு, ஒன்று நசுங்கினால் ஈடு செய்ய. ஒவ்வொன்றோடும் சின்னச் சீட்டு: ஃப்ளையின் பெயர், முள்ளின் அளவு, கட்டியவர், பயன்படுத்திய பொருட்கள்.

எல்லையைத் தாண்டும் பொதிகளைக் குறைப்பதுதான் அடுத்த வேலை. எல்லோரும் நேரே உங்களுக்கு அனுப்பினால், வெளிநாட்டு எட்டுப் பேருக்கும் வரத்தும் போக்குமாகப் பதினாறு பொதிகள் எல்லை தாண்டும். அமெரிக்காவில் ஒருவர், ஸ்காட்லாந்தில் ஒருவர் தங்கள் நாட்டவரிடம் உள்நாட்டுத் தபாலில் வாங்கிச் சேர்த்து அனுப்பினால் மொத்தமே ஆறு. பொதியின் மதிப்பு கூடுவதால் கொஞ்சம் வரி வரலாம். அதைப் பன்னிரண்டு பேரும் பகிர்ந்துகொள்வது தொலைந்த பொதியைத் தேடி அலைவதைவிட மேல்.

சுங்கப் படிவத்தில் 'பரிசு' என்று எழுதாதீர்கள். கொடுத்து வாங்குவது பரிசு ஆகாது. 'கையால் கட்டிய செயற்கை மீன்பிடி ஃப்ளைகள், புதியவை, பயன்படுத்தாதவை' என்று ஆங்கிலத்தில் எழுதி, எண்ணிக்கை, பொருட்கள், கட்டிய நாடு ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். சுங்கத்துக்கான பண்டக் குறியீடு 9507.90. கடையில் இதே மாதிரி ஃப்ளை என்ன விலைக்குப் போகிறதோ அதையே மதிப்பாகப் போடுங்கள், சுழியம் போட வேண்டாம். 800 டாலர் வரை வரி இல்லை என்ற சலுகையை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. அந்த நாட்களில் பல நாட்டு அஞ்சல் துறைகள் அமெரிக்கப் பொதிகளை வாங்கவே மறுத்தன. அனுப்பும் வாரத்தில் அஞ்சலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

திருப்பி அனுப்பும் செலவுக்கு அமெரிக்கத் தபால் தலையை ஒட்டி அனுப்பச் சொல்லாதீர்கள், அது கனடாவில் செல்லாது. முன்கூட்டியே இணையவழியில் பணம் வாங்கி, ரசீதைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புங்கள். கடைசித் தேதி எது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்: 'அனுப்ப வேண்டிய நாள்' அல்ல, 'கால்கரியில் வந்து சேர வேண்டிய நாள்'. ஜனவரி முடியக் கட்டி, பிப்ரவரி கடைசிக்குள் வந்து சேர்ந்தால் மார்ச் நடுவில் நீங்கள் பிரித்து அனுப்பிவிடலாம்.

பொதியை உறையில் போடாதீர்கள். என் முதல் பரிமாற்றத்தில் குமிழித்தாள் உறையில் அனுப்பினேன். தபால் பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளில் சிக்கி முட்கள் உறையைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தன. தபால் ஊழியர் கையில் குத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பதறுகிறது. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் ஃபோம் தாள் ஒட்டி, முள்ளின் நுனி முழுவதும் அதில் புதையும்படி செருகி, டப்பாவை அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். ஃப்ளையின் தலையில் முடிச்சு அவிழாமல் பூசிய சிமென்ட் (பசை) ஒரு நாள் முழுக்க உலர்ந்த பிறகே மூட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் சில ஃப்ளைகளின் இறகு படுத்துக்கொண்டுதான் வரும். கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஃப்ளையை இடுக்கியில் பிடித்து ஆவியில் சில விநாடி காட்டுங்கள். ஒவ்வொரு இழையாக நிமிர்ந்து, கட்டியவர் விட்ட வடிவத்துக்கு அது திரும்பிவிடும்.